உண்மையான மாணவனுக்கு விசா மறுக்கப்படாதாம்!

அமெரிக்காவில் எம்பிஏ படிக்க இடம் கிடைத்த பிள்ளைக்கு விசா மறுக்கப்பட்டுவிட்டால் நம் ஊரில் முதலில் எழும் கேள்வி, ‘உள்ளே போய் என்ன உளறினான்?’ என்பதுதான். கன்சல்டன்சிக்காரர் அப்படித்தான் கேட்கிறார். நாளிதழ்களின் கல்விப் பக்கத்தில் வழிகாட்டி எழுதுகிறவர்கள் அதையே நாகரிகமாகச் சொல்கிறார்கள். டல்லஸில் இருக்கும் பெரியப்பா மகன் வாட்ஸ்அப்பில் இன்னும் உறுதியாகச் சொல்கிறார்: படிக்கும் எண்ணம் உண்மையாக இருந்து, பணத்துக்குக் கணக்கும் காட்டி, கேட்ட கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொன்னால் விசா தானாக வந்துவிடும். நல்ல கல்லூரியில் இடம் வாங்குவதுதான் கஷ்டம். தூதரகம் வெறும் சம்பிரதாயம். மறுக்கப்பட்டவரிடம் ஏதோ கோளாறு இருந்திருக்க வேண்டும்.

இவ்வளவு பேர் இவ்வளவு காலமாகச் சொல்லிவருவதால் இதை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. நான் மறுக்கிறேன். அமெரிக்க மாணவர் விசாவின் விதிகளை வைத்துப் பார்த்தால், குறிப்பாக வணிக மேலாண்மை முதுகலைக்குப் போகிறவர் விஷயத்தில், கல்லூரி வாசலில் எது தகுதியோ அதுவே தூதரக ஜன்னலில் குறையாகிறது. ஒரே உண்மையை இரண்டு இடத்திலும் சொல்லித் தேறுவது கடினம் என்னும்படி அமைந்திருக்கிறது ஏற்பாடு. தேறாதவரைப் பழிப்பது அந்த ஏற்பாட்டுக்கு நாம் இலவசமாகச் செய்யும் வக்காலத்து.

சட்டத்திலிருந்தே தொடங்கலாம். மறுக்கப்பட்டவர் கையில் கொடுக்கும் தாளில் பெரும்பாலும் ‘214(பி)’ என்று ஓர் எண் இருக்கும். 1952-ஆம் ஆண்டின் குடியேற்றம் மற்றும் குடியுரிமைச் சட்டத்தில் வரும் பிரிவு அது. விசா கேட்டு வருகிறவர் நிரந்தரமாகத் தங்கவே வருகிறார் என்று வைத்துக்கொள்ள வேண்டும். அப்படி இல்லை என்று அதிகாரி திருப்தி அடையும்படி காட்டுவது விண்ணப்பித்தவரின் பாடு. அந்தப் பிரிவின் சாரம் இவ்வளவுதான். அதே சட்டம் எஃப்-1 எனப்படும் மாணவர் விசா கேட்பவருக்கு இன்னொரு நிபந்தனையும் வைக்கிறது: கைவிடும் எண்ணமே இல்லாத ஓர் இருப்பிடம் அவருக்கு வெளிநாட்டில், அதாவது அவருடைய ஊரில், இருக்க வேண்டும்.

ஆக, அந்தத் தாள் ‘நீ பொய் சொன்னாய்’ என்று சொல்லவில்லை. பொய் சொன்னதாகக் கண்டுபிடித்தால் அதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது. அது வாழ்நாள் தடை வரை போகும். ‘உனக்கு அறிவு போதாது’ என்றும் அது சொல்லவில்லை. தொடக்கத்திலேயே உன்மேல் வைத்த சந்தேகம் இந்த இரண்டு மூன்று நிமிடத்தில் எனக்குத் தீரவில்லை என்கிறது, அவ்வளவே. அதை மதிப்பெண் பட்டியலாக வாசிப்பது, பிளஸ் டூ முடிவிலேயே பிள்ளையின் விதியை எழுதிவிடும் நம்முடைய பழக்கதோஷம்.

அந்தச் சந்தேகத்தை எதைக் காட்டித் தீர்ப்பது? வேலை, சொத்து, குடும்பம் என்று பதில் வரும். சரி, முழுநேர எம்பிஏவுக்குப் போகிறவரின் நிலையைப் பாருங்கள். நல்ல வணிகப் பள்ளிகள் கல்லூரி முடித்த கையோடு வருகிறவரைவிட நான்கைந்து வருடம் வேலை பார்த்தவரைத்தான் விரும்புகின்றன. அந்த வேலையை விட்டுவிட்டு வந்தால்தான் முழுநேரமாகப் படிக்க முடியும். வயது இருபத்தேழு, இருபத்தெட்டு இருக்கும். வீடு அப்பா பெயரில். கல்யாணம் படிப்புக்குப் பிறகு என்று தள்ளிப்போட்டிருப்பார். அவரை ஊரோடு கட்டிவைத்திருந்த ஒரே ஆதாரமான வேலையை விடச் சொன்னது சேர்க்கை. அது இல்லையே என்று கேட்பது விசா. அண்ணன் நியூஜெர்சியில் இருந்தால் அங்கேயே தங்கிவிடுவாயோ என்ற சந்தேகம். யாருமே அங்கே இல்லாவிட்டால், இந்த ஊரை எப்படித் தேர்ந்தெடுத்தாய் என்ற சந்தேகம்.

இது நான் கண்டுபிடித்த முரண் இல்லை. அமெரிக்க வெளியுறவுத் துறைக்கே தெரியும். தூதரக அதிகாரிகளுக்கான அதன் கையேட்டில், இளம் மாணவரிடம் நடுவயதுச் சுற்றுலாப் பயணியிடம் எதிர்பார்க்கும் ஊர்ப்பிடிப்பை எதிர்பார்க்கக் கூடாது, இப்போதைய எண்ணம் என்ன என்பதையே பார்க்க வேண்டும் என்னும் பொருளில் அறிவுரை இருந்தது. 2017-இல் அதைச் சுருக்கிக் கடுமையாக்கினார்கள். 2021 இறுதியில் மறுபடி தளர்த்தினார்கள். இடையில் சட்டத்தின் அந்த வரிகள் மாறவில்லை. மாணவர்களின் குணமும் மாறியிருக்க நியாயமில்லை. வாஷிங்டனில் ஆள் மாறினார்கள். இன்னும் பழைய கதை ஒன்று உண்டு. சட்டப்படி வாய்ப்பு வந்தால் தங்கலாம் என்று ஒருவர் ஆசைப்படுவது மட்டுமே அவரது தற்காலிக விசாவோடு முரண்படுவதாகாது என்று அமெரிக்கக் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் 1975-லேயே ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. அந்த ஆசையைச் சென்னை ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கட்டடத்தின் ஜன்னலில் வாய்விட்டுச் சொல்லுங்கள் என்று எந்த வழிகாட்டியும் உங்களுக்கு அறிவுரை தர மாட்டார். அவர் செய்வது சரிதான். அது ஏன் சரியாக இருக்கிறது என்பதுதான் கேள்வி.

வணிகப் பள்ளியின் விண்ணப்பத்தை ஒருமுறை படித்துப் பார்த்தால் பதில் தெரியும். ஜிமேட் மதிப்பெண், பரிந்துரைக் கடிதம் எல்லாவற்றையும் தாண்டி, அங்கே கட்டுரைகள்தான் ஆளைத் தூக்கி நிறுத்துகின்றன அல்லது கவிழ்க்கின்றன. படித்து முடித்ததும் என்ன செய்வாய், பத்து வருடம் கழித்து எங்கே இருப்பாய், எங்கள் பள்ளி அதற்கு எப்படி உதவும்? இதற்கு விண்ணப்பதாரர் நேர்மையாகத்தான் எழுதுகிறார்: நியூயார்க்கில் ஆலோசனை நிறுவனம் ஒன்றில் சில வருடம், பிறகு கோயம்புத்தூரில் சொந்தத் தொழில். பள்ளிக்கு அது பிடிக்கும். முதல் வேலை எங்கே, சம்பளம் எவ்வளவு என்று ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட்டு அதை வைத்துத்தான் அது தரவரிசையில் ஏறுகிறது. ‘படித்து முடித்த மறுநாள் ஊருக்குக் கிளம்பிவிடுவேன், உங்கள் வேலைவாய்ப்புப் பிரிவு எனக்குத் தேவையில்லை’ என்று எழுதுகிறவருக்கு இடம் கிடைக்குமா? ஆனால் நேர்காணலில் அதைத்தான் சொல்லச் சொல்லிப் பழக்குகிறார்கள்.

அரசாங்கம் இதில் அப்பாவியும் இல்லை. எஃப்-1 மாணவர் படித்து முடித்தபின் ஒரு வருடம் வேலை பார்க்க அனுமதிக்கும் ஓபிடி ஏற்பாடு அதனுடையது. அறிவியல், தொழில்நுட்பப் பட்டங்களுக்கு 2016 முதல் இன்னும் 24 மாதம் சேர்த்து மொத்தம் மூன்று வருடம் ஆக்கியதும் அதுவே. எம்பிஏ வழக்கமாக அந்தப் பட்டியலில் வராது. வணிகப் பள்ளிகள் விடுமா? பாடத்திட்டத்தில் கணக்கையும் தரவுப் பகுப்பாய்வையும் கூட்டி, ‘மேலாண்மை அறிவியல்’ என்ற வகைப்பாட்டு எண்ணுக்குள் எம்பிஏவைக் கொண்டுபோய் வைத்தன. ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தின் சைமன் வணிகப் பள்ளி 2018-இல் இதில் முன்னால் போனது; பெரிய பெயர்கள் பலவும் பின்னால் வந்தன. வெளிநாட்டு மாணவரை இழுக்கும் விளம்பரமே இப்போது அந்த மூன்று வருடம்தான். 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் கணக்கெடுக்கப்பட்ட இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். அவர்களில் 97,556 பேர் வகுப்பில் இல்லை. ஓபிடியில் வேலையில் இருந்தார்கள். சட்டபூர்வமாக, அரசாங்க அட்டையோடு. கிட்டத்தட்ட பத்தில் மூன்று பேர் செய்வதை, அரசே எழுதிவைத்து அனுமதிப்பதை, நானும் செய்ய நினைக்கிறேன் என்று சொல்ல ஒரு மாணவர் பயப்பட வேண்டியிருக்கிறது. பிறகு அவரைப் பார்த்து ‘உண்மையாகப் பேசவில்லை’ என்கிறோம்.

பணக் கணக்குக்கு வருவோம். விசாவுக்குத் தேவையான ஐ-20 என்ற சேர்க்கைப் படிவத்தைக் கொடுப்பதற்கு முன்பே, மாணவரிடம் பணம் இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பை விதி கல்லூரிமேல் வைத்திருக்கிறது. பெரிய வணிகப் பள்ளிகளில் கட்டணமும் தங்கும் செலவும் சேர்ந்து ஓராண்டுக்கு 1 லட்சம் டாலரைத் தாண்டும். அதைக் காட்ட நம் வீடுகளில் நடக்கும் பாடு தனி. கணக்காய்வாளரின் நிகர மதிப்புச் சான்று, பொறியாளரின் சொத்து மதிப்பீடு, வங்கியின் கடன் ஒப்புதல் கடிதம், வில்லங்கச் சான்றிதழ் என்று ஒரு ஃபைல் தடிக்கிறது. மாதச் சம்பளக்காரர் வீட்டில் இது எளிது. விவசாயக் குடும்பத்தில்? விவசாய வருமானத்துக்கு வரி இல்லை, அதனால் வருமான வரிக் கணக்கும் பெரும்பாலும் இல்லை. நிலம் இருக்கும், அதன் பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பைத் தாண்டி எதுவும் இருக்காது. நகையும் சீட்டும் எந்தத் தாளிலும் ஏறாது. வசதியில் குறைவில்லாத குடும்பம் காகிதத்தில் ஏழையாகிவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஃபைலை அதிகாரி பெரும்பாலும் திறப்பதே இல்லை. கணினித் திரையில் டி.எஸ்-160 விண்ணப்பத்தைப் பார்த்துக்கொண்டே நான்கு கேள்வி, அத்தோடு முடிந்தது.

கடன் வாங்கிப் போகிறவரின் கணக்கு இன்னும் சிக்கல். 1 கோடி ரூபாய்க் கடனை 11 சதவீத வட்டிக்குப் பத்தாண்டுத் தவணையில் கட்டினால் மாதம் ஏறத்தாழ 1 லட்சத்து 38 ஆயிரம் ரூபாய். இரண்டு வருட எம்பிஏவின் முழுச் செலவு அந்த 1 கோடியைவிட அதிகம். இந்தத் தவணையை இந்தியச் சம்பளத்தில் கட்டுவது சிரமம் என்று கடன் கொடுப்பவருக்குத் தெரியும். பிராடிஜி ஃபைனான்ஸ் போன்ற நிறுவனங்கள் ஜாமீனும் அடமானமும் இல்லாமல் கடன் தருவதே, இந்தப் பள்ளியில் படித்தவர் நாளை என்ன சம்பாதிப்பார் என்ற கணிப்பை வைத்துத்தான். ஆக டாலரில் சம்பாதிப்பார் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட கடன் கடிதம், ‘பணம் இருக்கிறது’ என்பதற்குச் சான்றாகவும் வேண்டும். அதே ஜன்னலில், ‘டாலரில் சம்பாதிக்கத் தங்க மாட்டேன்’ என்ற உறுதியும் வேண்டும். வணிகம் படிக்கப் போகிற பிள்ளைக்கு இந்தக் கணக்கு உதைக்கிறது என்று தெரியாமலா இருக்கும்?

மறுக்கப்பட்டால் மேல்முறையீடு? இல்லை. தூதரக அதிகாரியின் முடிவை நீதிமன்றம் பொதுவாகத் தொடாது என்ற கோட்பாடு அங்கே மிகப் பழையது. 2024-இல் முன்யோஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை மேலும் இறுக்கியது. அந்த வழக்கில் கேள்வி கேட்டவர் ஓர் அமெரிக்கக் குடிமகள். மறுக்கப்பட்டது அவருடைய கணவருக்கு. சொந்தக் குடிமகளுக்கே விரிவான காரணம் கேட்க வழியில்லை என்றால், சேலத்திலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்தவர் யாரிடம் போய்க் கேட்பது? அவருக்கு இருக்கும் வழி மறுபடி 185 டாலர் கட்டி, மறுபடி ஸ்லாட் பிடித்து, மறுபடி வரிசையில் நிற்பது. முன்பு மறுக்கப்பட்டதா என்ற கேள்விக்கு இனி அவர் ஒவ்வொரு முறையும் ‘ஆம்’ என்று எழுத வேண்டும்; பிரிட்டனும் கனடாவும்கூட அதைக் கேட்கும்.

இனி எண்கள். உலகம் முழுவதும் சேர்த்து 2014 நிதியாண்டில் எஃப்-1 விண்ணப்பங்களில் ஏறத்தாழ 23 சதவீதம் மறுக்கப்பட்டன. 2024-இல் அது ஏறத்தாழ 41 சதவீதம், 6.79 லட்சம் விண்ணப்பங்களில் 2.79 லட்சம். ‘உண்மையான மாணவனுக்கு விசா கிடைக்கும்’ என்கிறவர்கள் ஒன்றை விளக்க வேண்டும்: பத்தே வருடத்தில் உலகத்து மாணவர்களின் உண்மை இவ்வளவு கெட்டுப்போனது எப்படி? 2025 இன்னும் தெளிவான உதாரணம். மே 27 அன்று புதிய மாணவர் நேர்காணல்களுக்கு நாள் ஒதுக்குவதை நிறுத்தினார்கள். ஜூன் 18 அன்று, சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்துவைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு மறுபடி தொடங்கினார்கள். ஆகஸ்டில் கல்லூரி திறக்கிறது, ஸ்லாட் இல்லை. அந்த ஆகஸ்டில் அமெரிக்காவுக்குள் நுழைந்த இந்திய மாணவர்களின் எண்ணிக்கை முந்தைய ஆகஸ்டைவிட 40 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. இவர்கள் எல்லோரும் உளறினார்களா? பலர் வாய் திறக்கவே வாய்ப்பு வரவில்லை.

ஹைதராபாத் பக்கத்தில் சில்கூர் பாலாஜி கோயிலை 11 சுற்று சுற்றி வேண்டிக்கொண்டு, விசா வந்ததும் திரும்பிப்போய் 108 சுற்று சுற்றுகிறவர்களை நாம் கேலி செய்கிறோம். கன்சல்டன்சிகளைவிட அவர்களுக்குத்தான் 214(பி) சரியாகப் புரிந்திருக்கிறது என்று எனக்குச் சில சமயம் தோன்றும்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று உண்டு. அதைத் தாண்டிப் போக முடியாது. மோசடி இல்லையா என்பார்கள். இருக்கிறது. கலிபோர்னியாவின் ட்ரை-வேலி பல்கலைக்கழகம் 2011-இல் சோதனைக்கு உள்ளானபோது அதன் மாணவர்களில் பெரும்பாலோர் இந்தியர். அதன் நிறுவனர் பிறகு சிறைக்குப் போனார். 2019-இல் வெளிவந்த ஃபார்மிங்டன் விவகாரம் இன்னும் விசித்திரம். மிச்சிகனில் அரசாங்க அதிகாரிகளே ஒரு பொய்ப் பல்கலைக்கழகத்தை நடத்தி, வகுப்பே இல்லாமல் பெயர் பதிந்த சுமார் 600 பேரில் பலரைப் பிடித்தார்கள். அவர்களிலும் பெரும்பாலோர் நம்மவர்கள். வங்கிக் கணக்கில் ஒரு மாதத்துக்குப் பணம் போட்டு எடுப்பவர்கள், போலி அனுபவச் சான்று அடித்துக் கொடுப்பவர்கள் நம் ஊரிலும் உண்டு. மறுப்பதற்கில்லை.

ஆனால் இந்த மோசடிகள் எதைக் காட்டுகின்றன? ஃபார்மிங்டனில் பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே எஃப்-1 விசாவில் அமெரிக்காவுக்குள் இருந்தவர்கள். அதாவது நேர்காணலில் ‘தேறியவர்கள்’. கெட்டுப்போன இடம் தூதரக ஜன்னல் அல்ல; காசு வாங்கிக்கொண்டு ஐ-20 எழுதிக்கொடுக்கும் கல்லூரி. அதைக் கண்காணிக்கத்தான் செவிஸ் என்ற ஏற்பாடு இருக்கிறது. அதற்காகத்தான் ஒவ்வொரு மாணவரிடமும் 350 டாலர் வாங்குகிறார்கள். அந்த வேலையைச் சரியாகச் செய்தால் மோசடி குறையும். ஒருவரின் மனதுக்குள் பத்து வருடம் கழித்து இருக்கப்போகும் எண்ணத்தை மூன்று நிமிடத்தில் ஊகிப்பதால் குறையாது. நன்றாக ஒத்திகை பார்த்த பொய்யரும் நன்றாக ஒத்திகை பார்த்த நேர்மையாளரும் அந்த ஜன்னலில் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள். ஒத்திகை பார்க்காத நேர்மையாளர்தான் மாட்டிக்கொள்கிறார்.

அவர்கள் நாடு, அவர்கள் இஷ்டம் என்பது அடுத்த வாதம். முழுக்க ஒப்புக்கொள்கிறேன். வீட்டுக்காரருக்குக் கதவைச் சாத்த உரிமை இருக்கிறது. சாத்தியதாலேயே வெளியே நிற்பவர் திருடர் என்று தெருவே சேர்ந்து பேசுவதைத்தான் நான் எதிர்க்கிறேன். அமெரிக்கா தன் உரிமையைப் பயன்படுத்துகிறது; அதற்கு ஒழுக்கச் சான்றிதழ் என்ற மதிப்பைக் கொடுப்பது நாம்.

வேறு வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆஸ்திரேலியா பல வருடம் ‘உண்மையாகவே தற்காலிகமாக வருகிறவரா?’ என்று மாணவரைச் சோதித்துக்கொண்டிருந்தது. 2024 மார்ச் 23 முதல் அந்தச் சோதனையை எடுத்துவிட்டு, ‘உண்மையாகவே படிக்க வருகிறவரா?’ என்று மாற்றியது. பின்னால் தங்க வாய்ப்பிருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டு, படிப்பைப் பற்றி மட்டும் கேட்பது என்ற முடிவு. ஆஸ்திரேலியாவை நான் உத்தமர் ஆக்கவில்லை. 2024 ஜூலையில் விசாக் கட்டணத்தை 710 ஆஸ்திரேலிய டாலரிலிருந்து 1,600 ஆகவும் அடுத்த வருடம் 2,000 ஆகவும் ஏற்றிய அரசு அது. பிரிட்டனும் தாராளமில்லை. படிப்புக்குப் பின் வேலை பார்க்கும் காலத்தை 2027 தொடக்கத்திலிருந்து இரண்டு வருடத்திலிருந்து 18 மாதமாகக் குறைக்கிறது. ஆனால் இவ்வளவு பணம் 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருக்க வேண்டும் என்று அங்கே எழுதிவைத்திருக்கிறார்கள். தவறாக மறுத்துவிட்டதாகத் தோன்றினால் மறுபரிசீலனை கேட்கலாம். கடுமை வேறு, மூடுமந்திரம் வேறு. அமெரிக்காவே 1990-இல் ஹெச்-1பி ஊழியர்களை 214(பி) சந்தேகத்திலிருந்து விடுவித்தது. வேலைக்கு வருகிறவர் தங்க நினைக்கலாம். அந்த வேலைக்காகப் படிக்க வருகிறவர் நினைக்கக் கூடாது! மாணவருக்கும் அந்த விலக்கைத் தருவதற்கான பிரிவு 2021-ஆம் ஆண்டின் குடியுரிமை மசோதாவில் இருந்தது. மசோதா நிறைவேறவில்லை.

பழியை மாணவர் தலையில் போடுவதால் லாபம் அடைகிறவர்கள் இருக்கிறார்கள். ‘நீ பதில் சொன்ன விதம் சரியில்லை’ என்றால்தான் அடுத்த மாக் இன்டர்வியூவுக்குக் கட்டணம் வாங்க முடியும். ‘அப்பாவின் தொழிலைப் பார்த்துக்கொள்ளத் திரும்பிவிடுவேன்’ என்ற வாசகத்தை மனப்பாடம் செய்விக்கிறார்கள். அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியராக இருந்தாலும் சரி. மூன்றாவது ஆள் அதே வாசகத்தைச் சொல்லும்போது அதிகாரிக்குச் சந்தேகம் வருகிறது. அந்தச் சந்தேகத்தில் நான்காவதாக நிற்கும் உண்மையான தொழிலதிபர் மகள் அடிபடுகிறாள்.

அவர்களைவிட அதிகம் பதில் சொல்ல வேண்டியவர்கள் அமெரிக்க வணிகப் பள்ளிகள். கட்டுரையில் லட்சியம் கேட்டவர்கள், வகைப்பாட்டு எண்ணை மாற்றி மூன்று வருட வேலையை விளம்பரப்படுத்தியவர்கள், ஐ-20இல் கையெழுத்துப் போட்டவர்கள் அவர்கள். மாணவர் விசாவில் இந்த முரணை நீக்கச் சொல்லி வாஷிங்டனில் குரல் கொடுப்பது அவர்களுக்கு நீண்ட வேலையாக இருக்கலாம். 214(பி) தாளோடு நிற்கும் மாணவருக்கு இடத்தை அடுத்த வருடத்துக்கு நிபந்தனையில்லாமல் ஒத்திவைப்பதும், திருப்பித் தர மாட்டோம் என்று பிடித்துவைத்திருக்கும் முன்பணத்தைத் திருப்பிக் கொடுப்பதும் நீண்ட வேலை இல்லை. அதற்கு எந்தச் சட்டத்தையும் திருத்த வேண்டாம். சேர்க்கைக் குழு ஒரு நாள் கூடினால் போதும். இடத்தை ஒப்புக்கொண்டு முன்பணம் கட்டுவதற்கு முன் இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கும் பள்ளியின் பெயரை அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் சொல்லுங்கள்.